கூப்பன் அரிசியும் உலக நடப்பும்: கிராண்ட்பாஸிலிருந்து ஒரு நோக்கு



கொழும்பு மாநகரின் வடபாலிலே, ஆமர் வீதிச் சந்தியிலிருந்து களனி கங்கையை நோக்கிச் செல்லும் நெடுவீதி ஒன்றுண்டு. கிராண்ட்பாஸ் வீதி என்பது அதன் பெயர். முற்காலத்திலே ஆற்றைக் கடப்பதற்குரிய பெருந்துறையாக விளங்கியமையால் அப்பகுதிக்கு அப்பெயர் வாய்த்தது. 1822ஆம் ஆண்டிலே ஓடங்களை வரிசையாகப் பிணைத்து அங்கே ஒரு படகுப் பாலம் அமைத்தனர். 1895இல் விக்டோரியாப் பாலம் திறக்கப்பெற்றது. உள்நாட்டிலிருந்து தலைநகருக்கு வரும் பண்டமும் மனிதரும் அவ்வழியே வந்தமையால், சுமை தூக்குவோரும் வண்டி ஓட்டுவோரும் பட்டறைத் தொழிலாளரும் சிறு கடைக்காரரும் அவ்வீதியின் இருமருங்கிலுமுள்ள முடுக்குகளிலே குடியேறினர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குழாயடியிலே தண்ணீர் பிடித்து வாழ்ந்த இடம் அது. இன்றும் அவ்வாறே வாழ்கின்றனர்.

இத்தகைய வீதியிலே வாழும் ஒருவருக்கு உலக நடப்போடு என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். கொரியாவிலே போர் நடந்தால் என்ன, ஐரோப்பாவிலே ஆட்சி மாறினால் என்ன, அன்றாடக் கூலியை எதிர்பார்த்து வாழ்பவருக்கு அதனால் வருவது யாது? அரசியல் என்றால் ஒதுங்கிப் போவதே அறிவுடைமை என்ற எண்ணம் நம்மவரிடையே பலருக்கு உண்டு. ஆயினும், இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியிலே, கொழும்பின் உழைக்கும் மக்கள் உலக அரசியலைத் தம் வீட்டு அடுப்போடு இணைத்துப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஈடுபாடு தானாக முளைத்ததன்று. சிலர் முயன்று வளர்த்தது. அது ஒருமுறை சிதைந்தது, மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது, மறுபடியும் சிதைந்தது. அக்கதையை உங்களோடு சேர்ந்து நினைவுகூர்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலாம் உலகப் போருக்குப் பின்னர், 1922ஆம் ஆண்டிலே ஏ. ஈ. குணசிங்கா இலங்கைத் தொழிற்சங்கத்தைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டே கொழும்பிலே பெரியதொரு பொது வேலைநிறுத்தம் நடந்தது. 1927இல் துறைமுகத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். 1929இல் டிராம் வண்டித் தொழிலாளரின் போராட்டத்தின்போது மருதானையிலே கலகம் மூண்டு, பொலிசாரின் துப்பாக்கிப் பிரயோகத்தால் ஐவர் மாண்டனர். இப்போராட்டங்களிலே சிங்களத் தொழிலாளியும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவரும், கேரளத்திலிருந்து வந்தவரும், முஸ்லிம் தொழிலாளியும் தோளோடு தோள் நின்றனர். தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, தேசநேசன், தேசபக்தன் என்னும் தமிழ்ப் பத்திரிகைகளை நடத்திய கோ. நடேசய்யர் அச்சங்கத்தின் உப தலைவராக விளங்கினார். சிங்களவர் ஒருவர் தலைவர். தமிழ்ப் பத்திரிகாசிரியர் ஒருவர் உப தலைவர். இந்த அமைப்பு அக்காலத்திலே எவருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலே வேறோர் எழுச்சி உண்டாயிற்று. 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரிலே தோன்றி, பின்னர் வாலிப காங்கிரஸ் என வழங்கப்பெற்ற இயக்கத்துக்கு ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் உயிர்கொடுத்தனர். சாதி வேற்றுமையை ஒழித்தல், தாய்மொழிக் கல்வி, பூரண சுயராச்சியம் ஆகியன அவர்தம் கொள்கைகள். 1927இல் காந்தியடிகளை அவர்கள் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தனர். 1931இல் நடந்த மாநாட்டுக்குத் தலைமை வகிக்கக் கமலாதேவி சட்டோபாத்யாயரை வரவழைத்தனர். டொனமூர் அரசியல் திட்டம் பூரண சுதந்திரம் தரவில்லை என்று கூறி, அவ்வாண்டுத் தேர்தலைப் புறக்கணிக்கும்படி அவர்கள் கேட்க, வடக்கிலே நான்கு தொகுதிகளில் எவரும் போட்டியிடவில்லை. அந்த ஆசனங்கள் 1934 வரையும் வெறுமையாகக் கிடந்தன. அச்செயல் அறிவுடையதா அன்றா என்பது இன்றும் விவாதத்துக்குரியதே. இளைஞர் சிலர் ஒன்றுகூடி, இந்தியாவின் விடுதலையையும் தம் ஊர்ச் சாதிக் கொடுமையையும் ஒரே கேள்வியின் இரு பக்கங்களாகக் கண்டனர் என்பது மட்டும் விவாதத்துக்கு அப்பாற்பட்டது.

பின்னர் வந்தது 1930களின் பொருளாதார மந்தம். நியூயோர்க்கிலே பங்குச் சந்தை சரிந்தபோது, இலங்கையின் றப்பரும் தேயிலையும் விலையிழந்தன. ஆலைகளில் கூலி குறைந்தது. துறைமுகத்திலே வேலை குறைந்தது. பசி வந்தபோது ஒற்றுமை பறந்தது. வேலை இல்லாமைக்குக் காரணம் உலகச் சந்தை என்று எடுத்துரைப்பது கடினமான வேலை. பக்கத்து வீட்டு மலையாளியே காரணம் என்று சொல்வது எளிது. மந்தத்துக்கு முன்பே நடேசய்யருக்கும் குணசிங்காவுக்குமிடையே பிளவு உண்டாகியிருந்தது. நடேசய்யர் மலைநாட்டுக்குச் சென்று, 1931இல் அற்றனிலே தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனம் அமைத்தார். குணசிங்காவின் இயக்கமோ வரவர இந்தியத் தொழிலாளருக்கு எதிரான பக்கம் சாய்ந்தது. பத்தாண்டுகள் பாடுபட்டு வளர்த்த பொதுமை உணர்ச்சி மூன்று நான்கு ஆண்டுகளிலே கரைந்து போயிற்று. கொழும்பின் தொழிலாளர் அரசியல் முதன்முதலாகச் சிதைந்தது இவ்வாறே.

இனி, அதை மீண்டும் கட்டியெழுப்பியவர்களின் கதைக்கு வருவோம்.

இலண்டனிலும் அமெரிக்காவிலும் கல்வி கற்றுத் திரும்பிய பிலிப் குணவர்தன, என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன முதலிய இளைஞர்கள் வாலிபர் சங்கங்களை அமைத்திருந்தனர். நூலறிவு மிக்கவர்கள், மக்களிடத்திலே செல்வாக்கு அற்றவர்கள். 1933இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையிலே கூலிக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. அவ்வாலைத் தொழிலாளரிற் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள்; எஞ்சியோர் சிங்களவர். பழைய தலைவரான குணசிங்கா அவர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றார். அப்பொழுது தொழிலாளரின் பக்கம் வந்து நின்றவர்கள் இந்த இளைஞர்களே. கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாலைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். சிங்களச் சட்டத்தரணி ஒருவர், பெரும்பாலும் இந்தியரான தொழிலாளருக்காக, சிங்களத் தலைவர் ஒருவரை எதிர்த்து நின்றார். புதிய இயக்கத்துக்கு மக்கள் நம்பிக்கை கிடைத்தது அந்த ஆலை வாசலிலேதான்.

இரண்டாவது சம்பவம் ஒரு பூவைப் பற்றியது. முதலாம் உலகப் போர் முடிந்த நாளாகிய நவம்பர் 11ஆம் நாளிலே, பொப்பிப் பூ விற்றுப் பணம் சேர்ப்பது வழக்கம். அப்பணத்திற் பெரும்பகுதி பிரித்தானியப் போர்வீரருக்கே சென்றது. இலங்கைப் போர்வீரருக்கும் உதவி வேண்டுமென, சூரிய மல் என்னும் பூவை விற்கும் முயற்சியை 1931இல் ஏலியன் பெரேரா தொடங்கினார். 1933இல் தென் கொழும்பு வாலிபர் சங்கம் அம்முயற்சியைக் கையேற்று, அதனை ஏகாதிபத்தியத்துக்கும் போருக்கும் எதிரான இயக்கமாக மாற்றியது. ஆங்கிலப் பெண்மணியாகிய டொரீன் யங் அதிலே முன்னின்றார். ஒரு சிறு பூவைச் சட்டையிலே குத்திக்கொள்வதற்குப் பெரிய படிப்பு வேண்டுவதில்லை. ஏன் இந்தப் பூ, ஏன் அந்தப் பூ இல்லை என்று எவரேனும் கேட்டால், அங்கே ஒரு பேச்சுத் தொடங்கிவிடும். போர் எதற்காக நடந்தது, அதனால் இலாபம் அடைந்தவர் யார், உயிர் கொடுத்தவர் யார் என்ற கேள்விகள் இவ்வாறு தெருமுனைக்கு வந்தன.

மூன்றாவது, 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய். அடுத்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 மக்கள் மாண்டனர் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. சூரிய மல் இயக்கத்தார் மருந்தும் உணவும் சுமந்து கேகாலைப் பகுதியின் கிராமங்களுக்குச் சென்றனர். டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க போன்ற வைத்தியர்கள் உடன் சென்றனர். இலண்டனிலே கலாநிதிப் பட்டம் பெற்ற என். எம். பெரேராவை அக்கிராமத்தவர் 'பருப்பு மாத்தையா' என்று அழைத்தனர். பட்டத்தால் வராத மதிப்பு பருப்பால் வந்தது என்று நகையாகச் சொல்லலாம். கொய்னாவோடும் பருப்போடும் சென்ற அந்த இளைஞர்கள் வேறொன்றையும் கண்டறிந்தனர்: நோயினால் மாண்டவர்களிற் பெரும்பாலோர் அதற்கு முன்பே பசியினால் நலிந்தவர்கள். நுளம்பு எல்லோரையும் கடித்தது. வறியவரே மிகுதியாக மாண்டனர். இவ்வறிவை ஊருக்கு ஊர் எடுத்துரைத்தனர்.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியது. தேச விடுதலையோடு, இனம், சாதி, சமயம், பால் ஆகியவற்றால் உண்டாகும் ஏற்றத்தாழ்வை ஒழிப்பதும் அதன் குறிக்கோள்களில் ஒன்றாயிற்று. அடுத்த ஆண்டிலே பிலிப் குணவர்தனவும் என். எம். பெரேராவும் அரசாங்க சபைக்குத் தெரிவாயினர். அங்கே அவர்கள் முற்பட எடுத்த விடயங்களில் ஒன்று மொழி பற்றியது. பொலிஸ் நிலையத்திலே ஒருவர் சொல்லும் முறைப்பாடு அவர் சொன்ன மொழியிலேயே எழுதப்படல் வேண்டும். நீதிமன்ற நடவடிக்கை சிங்களத்திலும் தமிழிலும் நடைபெறல் வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளிலே கைநாட்டு வைக்கும் ஏழைக்கு அதைவிடப் பெரிய அரசியல் வேறென்ன?

1937இல் நடந்த பிரேஸ்கேர்டில் விவகாரம் யாவரும் அறிந்ததே. தோட்டத்துரையாகப் பயில அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர், தொழிலாளர் படும் பாட்டைக் கண்டு அவர்கள் பக்கம் சேர்ந்தார். ஏப்ரல் மாதம் நாவலப்பிட்டியிலே, கமலாதேவியும் கலந்துகொண்ட கூட்டத்திலே அவர் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். அவர் மறைந்தார். மே மாதம் 5ஆம் நாள் காலிமுகத்திடலிலே திரண்ட பெருங்கூட்டத்தின் முன்னே திடீரெனத் தோன்றிப் பேசினார். உயர்நீதிமன்றம் மே 18ஆம் நாள் தேசாதிபதியின் கட்டளை செல்லாது என்று தீர்ப்பளித்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தமிழ்த் தொழிலாளருக்காகப் பேச, அவரைக் காக்கச் சிங்கள மக்கள் திரண்டனர். உலகம் என்பது எங்கோ தொலைவிலே உள்ளதன்று என்பதை அந்த ஒரு மாதம் பலருக்குக் கற்பித்தது.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்திலே, செய்தி எவ்வாறு முடுக்குகளுக்குள் நுழைந்தது? இங்கேதான் கிராண்ட்பாஸுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1930ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் சுப்பிரமணியம் செட்டியாரால் தொடங்கப்பெற்ற வீரகேசரி நாளிதழ், பின்னர் நெடுங்காலம் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்தே வெளிவந்தது. தமிழ்நாட்டு மறுமலர்ச்சி எழுத்தாளராகிய வ. ரா. சிலகாலம் அதன் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டில் சுன்னாகத்திலே ஈழகேசரியும், 1932இல் கொழும்பிலே தினகரனும் பிறந்தன. வானொலியோ 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாளே கொழும்பிலே ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. ஒரு பத்திரிகையை ஒருவர் வாங்க, தேநீர்க்கடையிலே ஒருவர் உரக்க வாசிக்க, பத்துப்பேர் கேட்பது நம்மவர் வழக்கம். வாசிப்பவர் நிறுத்தும் இடத்திலே விவாதம் பிறக்கும். எழுத்தறியாதவரும் இவ்வாறு உலக நடப்பை அறிந்தனர். அவர்கள் செய்தியைக் கேட்டது மாத்திரமன்றி, அதனைத் தம்முள் விவாதித்து அளந்தும் பார்த்தனர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் பொது வேலைநிறுத்தத்தின்போது, தெமட்டகொடைப் பக்கத்திலே பொலிசாரின் குண்டுக்கு இரையானவர் வி. கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர். தமிழர் ஒருவரின் உயிர்த்தியாகத்தைத் தம் சொந்த இழப்பாகச் சிங்களத் தொழிலாளரும் கொண்டாடிய காலம் அது.

இனி 1953ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டிலே உலக நடப்புக்கும் கிராண்ட்பாஸ் அடுப்புக்கும் உள்ள தொடர்பு எவர்க்கும் மறைக்க முடியாதபடி வெளிப்பட்டது. கொரியப் போர் மூண்டபோது றப்பர் விலை ஏறியது, பின்னர் இறங்கியது. வெளியிலிருந்து வாங்கும் அரிசியின் விலையோ உயர்ந்தது. 1952இன் முடிவிலே சீனாவோடு றப்பருக்கு அரிசி என்ற பண்டமாற்று ஒப்பந்தம் செய்யப்பட்டது. ஆயினும் அரசாங்கத்தின் பணமுடை தீரவில்லை. 1953 ஜூலையிலே, கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசி கொத்து ஒன்றின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவு நிறுத்தப்பட்டது. இரயில் கட்டணமும் தபால் கட்டணமும் கூடின. இடதுசாரிக் கட்சிகள் அறைகூவி அழைக்க, ஆகஸ்டு 12ஆம் நாள் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. தமிழரசுக் கட்சியும் அதற்கு ஆதரவு தந்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்திலே நின்ற பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிலே கூடியது என்பது வரலாறு. அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. துப்பாக்கிப் பிரயோகத்தால் உயிர்கள் பலியாயின. அக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். பின் வந்த அரசாங்கம் அரிசி விலையைக் குறைத்தது.

அன்று வீதியில் இறங்கிய பெண்ணொருத்தியிடம் கொரியா எங்கே இருக்கிறதென்று கேட்டிருந்தால் அவள் அறிந்திருக்கமாட்டாள். ஆனால் கொத்து அரிசிக்கு 45 சதம் ஏன் கூடியது என்று கேட்டுக்கொண்டே போனால், அக்கேள்வி கொரியாவுக்கும் நியூயோர்க்குக்கும் பீக்கிங்குக்கும் சென்று சேரும். அவ்வாறு படிப்படியாக அழைத்துச் சென்றவர்கள் அன்று இருந்தனர். கட்சிக் கூட்டங்களும் சங்கக் கிளைகளும் துண்டுப்பிரசுரங்களும் அந்த வேலையைச் செய்தன.

ஆனால் அவ்வெற்றியின் நடுவே ஒரு பெருங்குறையும் கிடந்தது. மலைநாட்டுத் தொழிலாளர் பெரும்பாலும் அந்த ஹர்த்தாலிலே இல்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் இந்திய வமிசாவளியினரான ஏறக்குறைய ஏழு இலட்சம் மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கியிருந்தன. கொழும்பின் முடுக்குகளிலே வாழ்ந்த இந்திய வமிசத் தொழிலாளரும் அதற்குத் தப்பவில்லை. 1931இல் வாக்களித்த ஒருவர், சுதந்திரம் வந்த பின்னர் வாக்கற்றவரானார். இடதுசாரிக் கட்சிகள் பாராளுமன்றத்திலே அச்சட்டத்தை எதிர்த்தன என்பது உண்மை. எதிர்த்தும் தடுக்க முடியவில்லை. அந்த அநீதி முழுமையாக நீங்குவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரையும் காத்திருக்க நேர்ந்தது.

அடுத்து வந்தது மொழிப் பிரச்சினை. 1955இல் இரு மொழிகளுக்கும் சம உரிமை வேண்டுமென்று சமசமாஜக் கட்சி கொழும்பு நகர மண்டபத்திலே நடத்திய கூட்டம் கும்பலால் தாக்கப்பட்டது. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, அது நாட்டைப் பிளக்கும் என்று கொல்வின் ஆர். டி சில்வா பாராளுமன்றத்திலே எச்சரித்தார். அதே 1956இல் வட கொழும்புத் தொகுதியிலிருந்து சமசமாஜக் கட்சியின் விவியன் குணவர்தன தெரிவானார். வடக்கிலே பருத்தித்துறையிலிருந்து கொமியூனிஸ்ட் கட்சியின் பொ. கந்தையா தெரிவானார். இனவாதக் காற்று வீசிய ஆண்டிலும் இத்தகைய விளக்குகள் அணையாமல் எரிந்தன.

பின்னர் அவை எவ்வாறு அணைந்தன? இக்கேள்விக்கு விடை சொல்வது கசப்பானது. ஆயினும் சொல்லியாக வேண்டும். 1964இல் சமசமாஜக் கட்சி ஆட்சிக் கூட்டிலே சேர்ந்தது. 1966ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், தமிழ்மொழி உபயோகத்துக்கான விதிகளைப் பாராளுமன்றம் எடுத்துக்கொண்டபோது, அவற்றை எதிர்த்து வீதியில் இறங்கியவர்களுள் இடதுசாரிகளும் இருந்தனர். வெள்ளவத்தை ஆலை வாசலிலே இந்தியத் தொழிலாளருக்காக நின்ற கட்சியா இது என்று தமிழர் பலர் மனம் வெந்து கேட்டனர். 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சிங்களத்தை மட்டுமே அரசகரும மொழியாக உறுதிப்படுத்தியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது. அதனை வகுத்த மந்திரி, 1956இல் எச்சரித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலக அரசியல் மக்களை ஒன்றுசேர்த்தது போலவே, தலைவர்களைப் பிரிக்கவும் செய்தது. மாஸ்கோவா, ட்ரொட்ஸ்கியா என்ற வாதத்தால் 1940ஐ ஒட்டிக் கட்சி பிளந்தது. 1960களின் முற்பகுதியிலே மாஸ்கோவா, பீக்கிங்கா என்ற வாதத்தால் கொமியூனிஸ்ட் கட்சி பிளந்து, நா. சண்முகதாசன் தலைமையிலே ஒரு பிரிவு தனித்தது. அவ்வாதங்களில் ஆழ்ந்த கருத்துகள் இருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், உலகத்தைக் கொண்டு அரிசி விலையை விளக்கிய காலம் போய், உலகத்தைக் கொண்டு தோழரைத் தோழர் வசைபாடிய காலம் வந்தபோது, முடுக்கிலே வாழ்ந்தவர் மெல்ல எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது பழமொழி. 1977ஆம் ஆண்டுத் தேர்தலிலே பழைய இடதுசாரிக் கட்சிகளுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1980 ஜூலையிலே வேலைநிறுத்தம் செய்த பல்லாயிரம் அரசாங்க ஊழியர் வேலையிழந்தபோது, அவர்களுக்காகத் திரளக்கூடிய வலிமை எந்தச் சங்கத்துக்கும் இருக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1983 ஜூலையிலே கொழும்பு எரிந்தது. இவ்விரு ஜூலைகளும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று எண்ணுவது தவறு. மனிதரை இனம் கடந்து பிணைத்த சங்கங்கள் அறுந்துபோன ஊரிலே, வதந்தி ஒன்றே போதுமானதாயிற்று.

2013ஆம் ஆண்டு ஆகஸ்டிலே கிராண்ட்பாஸிலேயே ஒரு பள்ளிவாசல் கும்பலால் தாக்கப்பட்டது. மூன்று இனத்தவரும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த வீதியிலே அது நடந்தது. சேர்ந்து வாழ்தல் மாத்திரம் போதாது. சேர்ந்து செய்வதற்கு ஒரு காரியமும், சேர்ந்து பேசுவதற்கு ஓர் இடமும் வேண்டும் என்பதை அச்சம்பவம் உணர்த்துகின்றது.

எனினும் இக்கதை அங்கே முடியவில்லை. 2022ஆம் ஆண்டிலே நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலை எய்தியது. சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் இராப்பகலாக வரிசையிலே நின்றனர். மறுபடியும் உலக நடப்பு அடுப்படிக்கு வந்து சேர்ந்தது: கொள்ளைநோயால் உல்லாசப் பயணிகளின் வருகை நின்றது, பிணைமுறிக் கடன் பெருகியது, உக்கிரேனிலே போர் மூண்டது, உள்நாட்டிலே இரசாயன உரத்துக்கு விதித்த திடீர்த் தடை விளைச்சலைக் கெடுத்தது. பிரேஸ்கேர்டில் பேசிய அதே காலிமுகத்திடலிலே, ஏப்ரல் மாதம் முதல் இளைஞர்கள் கூடாரமடித்து அமர்ந்தனர். நூல்நிலையம் ஒன்றும் அங்கே எழுந்தது. மே மாதம் 6ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது. மே 18ஆம் நாள் முள்ளிவாய்க்காலிலே மாண்டவர்களுக்காக அவ்விடத்திலே நினைவஞ்சலி செலுத்தப்பட்டது. கொழும்பின் நடுவே சிங்கள இளைஞரும் நின்று செலுத்திய அந்த அஞ்சலியை, சில ஆண்டுகளுக்கு முன்னர் எவரும் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். ஜூலையிலே ஜனாதிபதி பதவி துறந்தார். கூடாரங்கள் பின்னர் அகற்றப்பட்டன.

கூடாரம் அகன்ற பின்னர் எஞ்சுவது யாது? இதுவே இன்றைய கேள்வி. ஒரு நாளிலே திரண்ட கூட்டம் மறுநாள் கலைந்துவிடும். அதனைக் குறைகூறிப் பயனில்லை. 1933இல் ஆலை வாசலிலே நின்றவர்களும் ஒருநாள் கலைந்து வீடு சென்றவர்களே. ஆனால் அவர்கள் வீடு சென்ற பின்னரும் ஒரு சங்கம் எஞ்சியது. ஒரு பத்திரிகை எஞ்சியது. மாதந்தோறும் கூடும் ஒரு வழக்கம் எஞ்சியது. நோய் வந்தபோது பருப்போடும் மருந்தோடும் சென்றவர்கள் அந்த வழக்கத்தினாலே பழக்கப்பட்டவர்களே.

முற்போக்கு அரசியலிலும் உலக விவகாரங்களிலும் மக்களின் ஈடுபாட்டை மீண்டும் வளர்க்க விரும்புவோர் இவ்வரலாற்றிலிருந்து கற்கக்கூடியது பெரிய மந்திரமன்று. முதலாவது, கொள்கையைச் சொல்வதற்கு முன்னர் மக்களின் துன்பத்திலே போய் நிற்றல் வேண்டும். இரண்டாவது, விலைவாசியிலிருந்து தொடங்கி உலகச் சந்தைக்குப் போதல் வேண்டும். உலகச் சந்தையிலிருந்து தொடங்கினால் கேட்போர் பாதிவழியிலே நின்றுவிடுவர். மூன்றாவது, சொல்வது இரு மொழிகளிலும் இருத்தல் வேண்டும். சிங்களத்திலே ஒன்றும் தமிழிலே வேறொன்றும் சொல்லும் இயக்கம், காலத்தால் இரண்டிலும் நம்பிக்கை இழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணிக்கையிற் குறைந்த தோழரின் உரிமையை வாக்குக்காக விற்றல் ஆகாது. 1966இல் இழந்த நம்பிக்கையை ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அக்கட்சிகளால் முழுதும் மீட்க முடியவில்லை.

அன்றாடம் உழைப்பவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர் இருப்பர். நியாயமான கேள்வியே. ஆனால் 1933இல் நூற்பாலையிலே நின்றவருக்கும் 1953இல் கூப்பன் கடை வாசலிலே காத்திருந்தவருக்கும் நம்மைவிட நேரம் மிகுதியாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. அவர்களிடம் இருந்தது, வேலை முடிந்து திரும்பும் வழியிலே ஒரு தேநீர்க்கடை. அங்கே ஒரு பத்திரிகை. அதை உரக்க வாசிக்க ஒருவர். கேட்டுவிட்டு மறுத்துப் பேச வேறோர் இனத்தைச் சேர்ந்த அயலவர். இன்று நம் கைகளிலே அன்றைய பத்திரிகாசிரியர் கனவிலும் காணாத சாதனங்கள் உள்ளன. ஒவ்வொருவரும் தனித்தனியே வாசிக்கின்றோம். சேர்ந்து வாசிப்பதை விட்டுவிட்டோம்.

கிராண்ட்பாஸ் வீதி இன்றும் ஆற்றை நோக்கியே செல்கின்றது. ஒருகாலத்திலே அங்கே ஓடங்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பாலமாக்கினர் என்று தொடக்கத்திலே சொன்னேன். அப்பாலத்தை வெள்ளம் வரும்போதெல்லாம் காத்து, பழுதுபட்ட ஓடத்தை மாற்றி, மீண்டும் பிணைத்து வந்தவர்கள் உண்டு. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அது மக்களைக் கரைசேர்த்தது. மூன்று மொழி பேசுவோரும் சேர்ந்து ஒரு செய்தியை வாசித்து விவாதிக்கும் சிறிய கூட்டம் ஒன்று, நீங்கள் வாழும் முடுக்கிலே மாதம் ஒருமுறை கூடுமாயின், அதுவும் அத்தகைய வேலையே. அதனைத் தொடங்குவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.